அரசின் வாக்குறுதிகளும் இன்மை அறிக்கையும்

நமது சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். எதைப் பற்றி எழுதலாம் என எண்ணியிருந்தபோது, மாலை வகுப்பிற்கு வரும் இளைஞர்கள் அடிக்கடி கூறும் சொல்லொன்று நினைவிற்கு வந்தது. 'அரசாங்கத்தை நம்பிப் பயனில்லை சார். அறிவிப்பார்கள், செய்ய மாட்டார்கள்' என்பதே அது. நம் பெரியவர்களோ, 'அந்தக் காலத்தில் சொன்னதைச் செய்தார்கள்; இப்போதுதான் ஒன்றும் நடப்பதில்லை' என்பர். இவ்விரு கூற்றுகளும் எவ்வளவு தூரம் உண்மை? இந்திய அரசு தன்மேல் தானே சுமத்திக்கொண்ட பெரும் பணிகளில் எவற்றை முடித்தது? எவற்றை முடிக்காமல் விட்டது? முடித்ததற்கும் விட்டதற்கும் காரணங்கள் யாவை? இவற்றை ஆண்டுகளோடும் எண்களோடும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது நமக்கு வெறும் அறிவு விளையாட்டன்று. வசதி படைத்தவனுக்கு அரசுப் பள்ளி இல்லையேல் தனியார் பள்ளி உண்டு. அரசு மருத்துவமனை இல்லையேல் தனியார் மருத்துவமனை உண்டு. நமக்கோ அரசு கைவிட்டால் வேறு கை இல்லை. ஆகவே அரசின் ஆற்றல் வளர்கிறதா, தேய்கிறதா என்பது பிறரைக் காட்டிலும் நம்மையே நெருங்கித் தொடும் வினாவாகும்.

முதல் பெருஞ்செயல்

குடியரசு தொடங்கியவுடன் எடுத்துக்கொண்ட முதல் பெரும்பணி பொதுத்தேர்தல் ஆகும். 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடைபெற்ற அத்தேர்தலில் வாக்காளர் தொகை ஏறத்தாழ 17 கோடியே 30 இலட்சம். 1951 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே. சொத்து, படிப்பு, சாதி, பால் என்னும் வேற்றுமை எதுவுமின்றி, வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை அளித்த அத்தேர்தலை, சின்னங்களைக் கொண்டும் பெட்டிகளைக் கொண்டும் சுகுமார் சென் என்னும் தேர்தல் ஆணையர் நடத்திக் காட்டினார்.

அதில் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வடமாநிலங்கள் சிலவற்றில் பெண்கள் பலர் தம் பெயரைக் கூறாமல், 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே கூறினர். அவ்வாறு எழுதப்பட்டவற்றை ஆணையம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலினின்று நீக்கப்பட்டன. இது பெருங்குறையே. ஆயின் ஆணையம் இக்குறையை மறைக்கவில்லை. தன் அறிக்கையிலேயே வெளியிட்டது. வெளியிட்டதனால், அடுத்த தேர்தலுக்குள் அது பெருமளவு சரிசெய்யப்பட்டது. குறையை ஒப்புக்கொண்ட இடத்திலேயே திருத்தமும் பிறந்தது என்பதை ஈண்டு மனத்திற் கொள்க.

பெரியம்மையை வென்ற வரலாறு

இரண்டாவது எடுத்துக்காட்டு பெரியம்மை ஒழிப்பு. அது தாக்கிய வீட்டில் மரணம் நுழையும். பிழைத்தவர் முகத்தில் வடு நிற்கும். பலர் பார்வை இழப்பர். 1962 இல் இந்திய அரசு தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் மக்களுள் பெரும்பாலோர்க்கு அம்மை குத்திவிட்டால் நோய் அழியும் என்பது கணக்கு. ஊசி போட்ட எண்ணிக்கை ஆண்டுதோறும் உயர்ந்தது. நோய் மட்டும் ஒழியவில்லை. எளிதில் கிடைக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கே மீண்டும் மீண்டும் குத்திக் கணக்கை நிறைத்தனர். ஊர்ப்புறத்துக் குடிசைகளில் வாழ்ந்தோர், பிழைப்புத் தேடி அலைந்தோர், நகரத்துச் சேரி மக்கள் ஆகியோர் விடுபட்டனர். ஏட்டில் வெற்றி, நாட்டில் நோய் என்னும் நிலை நீடித்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் கூறியது இதைத்தான்.

1973 இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையுடன் முறை மாற்றப்பட்டது. எத்தனை பேருக்கு ஊசி போட்டோம் என்று எண்ணுவதை விடுத்து, நோயாளி எங்கே இருக்கிறார் என்று தேடத் தொடங்கினர். நோயுற்ற குழந்தையின் படம் பொறித்த அட்டையைக் கையில் ஏந்திப் பல்லாயிரக்கணக்கான பணியாளர் வீடு வீடாகச் சென்றனர். நோயாளி அகப்பட்டவுடன் அவரைச் சூழ்ந்துள்ள வீட்டார் அனைவர்க்கும் ஊசி போட்டு நோயை அவ்விடத்திலேயே மடக்கினர். தமிழ்நாடு முன்னரே இந்நோயினின்று விடுபட்டிருந்தது. பீகார், உத்தரப்பிரதேசம், மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களே போர்க்களமாயின.

தேடத் தொடங்கியவுடன் நிகழ்ந்தது என்ன? எண்ணிக்கை குறையவில்லை, உயர்ந்தது. 1974 ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1 இலட்சத்து 88 ஆயிரம் பேர் நோயுற்றதாகவும், 31 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாகவும் பதிவாயிற்று. உலகமே இந்தியாவை இழிவாக நோக்கிய காலம் அது. அதிகாரிகள் எண்ணிக்கையை மறைத்திருந்தால் அவர்தம் மானம் அன்றைக்குத் தப்பியிருக்கும். நோய் நம்மிடம் தங்கியிருக்கும். அவர்கள் மறைக்கவில்லை. மாறாக, நோயாளியைப் பற்றித் தகவல் தருவோர்க்குப் பரிசு அறிவித்தனர். முதலில் 50 ரூபாய், பின்னர் 100 ரூபாய், இறுதியில் 1,000 ரூபாய் எனப் பரிசுத்தொகை உயர்ந்தது. 1975 மே 17 ஆம் நாள் பீகாரில் கண்டறியப்பட்டதே இந்நாட்டில் தோன்றிய இறுதி நோய். அதன் பின், வங்காள தேசத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் அசாம் மாநிலம் கரீம்கஞ்சில் மே 24 இல் நோய் காணப்பட்டது. அதுவே கடைசி. 1977 ஏப்ரலில் இந்தியா பெரியம்மையற்ற நாடெனச் சான்று பெற்றது.

உண்மையைக் கூறியவர்க்குப் பரிசு என்பதே இவ்வெற்றியின் உயிர்நாடி. பதினோராண்டு ஊசிக் கணக்கு செய்யாததை, இரண்டாண்டு உண்மைக் கணக்கு செய்து முடித்தது.

இரண்டு பத்தாண்டுகள்

இனி முடிக்கப்படாத பணிக்கு வருவோம். அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக்குழு உருவாக்கி, 1950 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் 'பத்தாண்டு' என்னும் காலவரை இரு முக்கிய இடங்களில் வருகிறது. ஒன்று, 334 ஆம் பிரிவு. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் நமக்குரிய தனித்தொகுதிகள் பத்தாண்டுகள் இருக்கும் என்றது அது. மற்றொன்று, 45 ஆம் பிரிவு. பதினான்கு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுக்குள் அளிக்க அரசு முயல வேண்டும் என்றது அது.

முதற் பத்தாண்டு அனைவர்க்கும் நினைவிருக்கிறது. தேநீர்க் கடையிலும் பேருந்திலும் அலுவலகத்திலும், 'உங்களுக்குப் பத்து ஆண்டுகளுக்குத்தானே சலுகை கொடுத்தார்கள், இன்னும் ஏன்?' என்னும் கேள்வியைக் கேளாதவர் நம்முள் ஒருவரும் இரார். அப்பத்தாண்டு சட்டமன்றத் தனித்தொகுதிகளுக்கு மட்டுமே உரியது. கல்வியிலும் வேலையிலும் உள்ள இடஒதுக்கீட்டுக்கு அரசியலமைப்பு எந்தக் காலவரையும் விதிக்கவில்லை. இதனை நம் இளைஞர் தெளிவாக அறிந்து விடையிறுக்க வேண்டும். தனித்தொகுதிகளும் திருத்தங்களின் மூலம் 2030 வரை நீட்டிக்கப்பட்டுள்ளன.

இரண்டாம் பத்தாண்டோ எவர்க்கும் நினைவில்லை. 1960 இல் அக்காலவரை முடிந்தது. 1961 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு 28. பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு நூற்றுக்குப் பத்து. பத்துப் பேரில் ஒன்பது பேர் கையெழுத்திடத் தெரியாத நிலை! 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கல்விக் குழு, நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு கல்விக்குச் செலவிடப்பட வேண்டும் என்றது. 1968 ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை அதனை ஏற்றது. அந்த ஆறு பங்கு இன்றளவும் எட்டப்படவில்லை.

1993 இல் உச்சநீதிமன்றம் உன்னிகிருஷ்ணன் வழக்கில் பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2002 இல் நாடாளுமன்றம் 86 ஆம் திருத்தத்தை நிறைவேற்றி, ஆறு முதல் பதினான்கு வயது வரையான கல்வியை அடிப்படை உரிமையாக்கும் 21-அ பிரிவைச் சேர்த்தது. இது பெருமைக்குரியதே. ஆயின் அதே திருத்தம் பழைய 45 ஆம் பிரிவின் வாசகத்தையும் மாற்றியமைத்தது. ஆறு வயது வரையான குழந்தைகளின் பேணலையும் கல்வியையும் பற்றிய வாசகம் அவ்விடத்தில் அமர்ந்தது. 'பத்தாண்டுகளுக்குள்' என்னும் சொல் மறைந்தது. புதிய காலவரை எதுவும் அதில் எழுதப்படவில்லை. உரிமை வந்தது, நாள் போயிற்று. கல்வி உரிமைச் சட்டம் 2009 இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 இல் நடைமுறைக்கு வந்தது. அதில் குறிக்கப்பட்ட காலவரைகளும் நழுவின. பயிற்சி பெறாத ஆசிரியர்கள் தகுதி பெற 2015 மார்ச் வரை தரப்பட்ட காலம், பின்னர் 2019 மார்ச் வரை நீண்டது.

அரசால் இயலாத செயலா இது? அன்று. நம் மாநிலத்தையே சான்றாகக் கூறலாம். 1953 இல் வந்த அரைநாட் கல்வித் திட்டத்தை 1954 இல் முதலமைச்சரான காமராசர் கைவிட்டார். 1956 இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். சிற்றூர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். 1982 இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொணர்ந்தார். 2022 இல் காலை உணவுத் திட்டமும் வந்தது. பசித்த வயிற்றுக்கு எழுத்து ஏறாது என்பதை உணர்ந்து செய்த செயல்கள் இவை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு 80. தமிழ்நாட்டுப் பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு நூற்றுக்கு 73. நாடு முழுவதற்குமான எழுத்தறிவும் அதே 73 தான். ஆகவே அரசு முனைந்தால் முடியும் என்பதற்கு நாமே சான்று. முழுதும் முடியவில்லை என்பதற்கும் நாமே சான்று.

ஒரே நாளில் இரு நிகழ்ச்சிகள்

2014 மார்ச் 27 ஆம் நாள் தில்லி மாநகரில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. இளைஞர்கள் அந்நாளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, இந்தியாவை உள்ளிட்ட தென்கிழக்காசியப் பகுதி இளம்பிள்ளை வாதம் அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டில் இந்தியாவில் 741 குழந்தைகள் அந்நோயால் தாக்குண்டனர். உலகின் போலியோ நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் நம் நாட்டினர். இந்தியாவால் முடியாது என்று வல்லுநர் பலர் கருதினர். 2010 இல் அது 42 ஆயிற்று. 2011 இல் ஒன்றே ஒன்று. அதுவும் சனவரி 13 இல் மேற்கு வங்காளத்து ஹவுராவில். அதன்பின் இல்லை. குழந்தையின் சுண்டுவிரலில் மையிட்டும், வீட்டுச் சுவரில் குறியிட்டும், புகைவண்டி நிலையத்திலும் செங்கற்சூளையிலும் திருவிழாக் கூட்டத்திலும் குழந்தைகளைத் தேடிச் சென்றும் சொட்டு மருந்து அளித்தனர். நம் ஊர்ப் பள்ளிகளும் சத்துணவுக் கூடங்களும் அதற்கு முகாம்களாயிருந்ததை நாம் கண்டோம்.

மற்றொன்று, அதே நாளில் உச்சநீதிமன்றம் துப்புரவுத் தொழிலாளர் இயக்கம் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வழங்கிற்று. மனிதக் கழிவை மனிதரே அள்ளும் கொடுமையை ஒழிக்கக் கோரி 2003 இல் தொடுக்கப்பட்ட வழக்கு அது. பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் 1993 முதல் இறந்தோர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது.

ஒரே நாடு, ஒரே அரசு, ஒரே நாள். கண்ணுக்குத் தெரியாத கிருமியை விரட்டிய அதே அரசு, கண்ணெதிரே நடக்கும் இழிவை விரட்ட முடியாமல் நீதிமன்றத்தில் நின்றது. இதனை ஆற்றல் குறைவு என்று மட்டும் கூறி அமைய முடியுமா?

நழுவிய நாட்கள்

இவ்விழிவின் வரலாற்றைச் சுருங்க நோக்குவோம். 1949 இல் பம்பாய் மாகாணத்தில் பார்வே குழுவும், 1957 இல் மத்திய அரசின் சார்பில் மல்கானி குழுவும் அமைக்கப்பட்டன. நல்ல பரிந்துரைகள் வந்தன, சட்டம் வரவில்லை. கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்துவதையும் உலர் கழிப்பிடங்கள் கட்டுவதையும் தடைசெய்யும் சட்டம் 1993 இல்தான் வந்தது. அதுவும் 1997 சனவரி 26 இல் ஒரு சில மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் மட்டுமே நடைமுறைக்கு வந்தது. பிற மாநிலங்கள் தாமே தீர்மானம் இயற்றி ஏற்க வேண்டியிருந்தது. குற்றத்திற்குத் தண்டனை ஓராண்டுச் சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆயின் பாதிக்கப்பட்டவர் நேரே நீதிமன்றம் செல்ல இயலாது. அதிகாரம் பெற்ற அலுவலரே முறையிட வேண்டும்.

ஒழிப்பதற்குரிய நாளாக 2007 குறிக்கப்பட்டது, பின்னர் 2009, பின்னர் 2010. 2011 இல் பிரதமர் மன்மோகன் சிங் ஆறு மாதங்களுக்குள் ஒழிக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். 2013 இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, அண்ணலின் நினைவுநாளான டிசம்பர் 6 இல் நடைமுறைக்கு வந்தது. தண்டனைகள் கடுமையாயின, மறுவாழ்வு உரிமையாயிற்று. இத்தனைக்குப் பின்னும் 2023 வரையான ஐந்தாண்டுகளில் மட்டும் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் 300-க்கும் மேற்பட்டோர் மாண்டதாக அரசே நாடாளுமன்றத்தில் கூறிற்று. தேசியத் துப்புரவுப் பணியாளர் ஆணையத்தின் கணக்கில் உயிரிழப்பு மிகுந்த மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று என்பதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

2023 ஆகஸ்டு 23 ஆம் நாள் சந்திரயான்-3 நிலவின் தென்பகுதியில் இறங்கிற்று. அதற்கு இரண்டு திங்கள் கழித்து, அக்டோபர் 20 இல், சாக்கடையில் இறப்போர் குடும்பத்திற்கான இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 30 இலட்சமாக உயர்த்திற்று. நிலவிற்கு மனிதனை அனுப்பாமல் எந்திரத்தை அனுப்பத் தெரிந்த நாட்டில், குழிக்குள் மட்டும் மனிதனே இறங்குகிறான்.

எண்ணுவோர் யார்?

காரணம் என்ன? மூன்று கணக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நாட்டில் மனிதரால் கழிவு அகற்றப்படும் கழிப்பிடங்கள் ஏறத்தாழ 7 இலட்சத்து 94 ஆயிரம் என்றது. அதனையொட்டி நடந்த சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பு, இத்தொழிலில் உள்ள குடும்பங்கள் 1 இலட்சத்து 80 ஆயிரம் என்றது. ஆனால் 2013, 2018 ஆம் ஆண்டுகளில் இதற்கெனவே நடந்த கணக்கெடுப்புகளில் அரசு ஏற்றுக்கொண்ட தொழிலாளர் தொகை 58,098 மட்டுமே. பல மாவட்டங்கள் 'எங்களிடம் ஒருவரும் இல்லை' என்றே எழுதின. நீதிமன்றத்தில் மாநிலங்கள் 'இல்லை' என்று உறுதியுரை தாக்கல் செய்ய, இயக்கத்தார் படங்களோடு 'இதோ இருக்கிறது' என்று காட்ட, இவ்வாறே ஆண்டுகள் கழிந்தன. 2021 இல் நாடாளுமன்றத்தில் கையால் மலம் அள்ளுவதால் இறந்தோர் எவருமில்லை என்று விடை வந்தது. சாக்கடைக்குள் இறங்கி இறப்பது வேறு, கையால் அள்ளுவது வேறு எனச் சட்டச் சொல்லைப் பிரித்து எண்ணியதால் வந்த விடை அது. சொல்லைப் பிரித்தால் எண் குறையும், பிணம் குறையாது.

பெரியம்மையில் 'இங்கே நோயாளி இருக்கிறார்' என்று கூறிய பணியாளர்க்குப் பரிசு கிடைத்தது. இங்கோ, 'என் ஊரில் இவ்விழிவு இருக்கிறது' என்று கூறும் அலுவலர், தம் அலுவலகமே சட்டத்தை மீறியதாக ஒப்புக்கொண்டவராகிறார். எண்ண வேண்டியவரும் குற்றஞ்சாட்டப்பட வேண்டியவரும் ஒருவரே. அத்தகைய கணக்கில் 'இல்லை' என்பதன்றி வேறென்ன விடை வரும்? மேலும், பெரியம்மை செல்வர் வீட்டையும் தாக்கும். போலியோ எவர் குழந்தையையும் முடமாக்கும். சாக்கடை நச்சுக்காற்றோ நம் தெருவாரை மட்டுமே கொல்கிறது. தனக்கு வரக்கூடிய துன்பத்தையே சமுதாயம் விரைந்து எண்ணுகிறது.

நானும் ஒப்பமிட்டேன்

பிறரைக் குறைகூறி நான் ஒதுங்கிக்கொள்ளலாகாது. அரசு அலுவலகங்களில் 'இன்மை அறிக்கை' என்று ஒன்றுண்டு. கேட்கப்பட்ட பொருளில் தெரிவிக்க ஒன்றுமில்லை என்பது அதன் பொருள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நான் தொடக்கப்பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராயிருந்தபோது, பள்ளி செல்லாக் குழந்தைகள் பற்றிய படிவம் வந்தது. நம் தெருப் பையன் ஒருவன் ஐந்தாம் வகுப்புப் பதிவேட்டில் பெயர் இருக்கப் பல திங்களாக வரவில்லை. பெற்றோருடன் செங்கற்சூளைக்குப் போயிருந்தான். அவனைக் கணக்கில் எழுதலாமா என்று மேலே கேட்டேன். 'பெயர் பதிவேட்டில் இருக்கிறதல்லவா? எண் போட்டால் விளக்கம் கேட்பார்கள்; இன்மை என்றே அனுப்புங்கள்' என்று விடை வந்தது. அனுப்பினேன். பச்சை மையன்று, நீல மைதான்; எனினும் என் கையொப்பம்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் இப்போது பணியாற்றும் பள்ளிக்கு ஓர் இளைஞர் தம் மகளைச் சேர்க்க வந்தார். 'சார், என்னைத் தெரிகிறதா?' என்றார். முகத்தில் அப்பையனின் சாயல் இருந்தது. கழிவுநீர் ஊர்தியில் உதவியாளாக இருப்பதாகக் கூறினார். விண்ணப்பத்தில் பெயரை எழுத்துக் கூட்டி மெல்ல எழுதினார். அவ்வளவுதான் நான் அவருக்குக் கற்பித்திருந்தது. நான் அன்று ஒரு எண்ணை, 'ஒன்று' என்னும் எண்ணை, எழுதியிருந்தால் அவரைத் தேடி யாரேனும் சூளைக்குச் சென்றிருக்கக்கூடும், செல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் 'இன்மை' என்று எழுதிய பின் எவரும் செல்வதற்கு வழியே இல்லை. ஒரு நாட்டின் பெருநோக்கங்கள் மேலே தில்லியில் மட்டும் தோற்பதில்லை. கீழே இத்தகைய கையொப்பங்களிலும் தோற்கின்றன.

தேய்ந்தவை எவை?

இனி நம் முதல் வினாவிற்கு விடை காண்போம். அரசின் ஆற்றல் முற்றிலும் அழிந்துவிடவில்லை. போலியோ ஒழிப்பும் நிலவுப் பயணமும் அதனை மெய்ப்பிக்கின்றன. ஆயினும் மூன்று செய்திகள் தேய்ந்துள்ளன.

முதலாவது, நாளின் மதிப்பு. காலவரை கடந்தால் ஏன் கடந்தது என விளக்குவதற்குப் பதிலாகப் புதிய நாளை அறிவிப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டாவது, அரசின் சொந்தக் கைகள். பெரியம்மையை விரட்டியவர்களில் பெரும்பாலோர் அரசின் சம்பளப் பணியாளர். கடந்த சில பத்தாண்டுகளாக நகரத் துப்புரவு ஒப்பந்தக்காரர்களிடம் விடப்பட்டு வருகிறது. குழியில் இறந்தவர் நகராட்சியின் ஆளா, ஒப்பந்தக்காரரின் ஆளா என்னும் வழக்கிலேயே பொறுப்பு கரைந்துவிடுகிறது. மூன்றாவது, உண்மைக் கணக்கு. தூய்மை இந்தியா இயக்கத்தில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கழிப்பிடங்கள் கட்டப்பட்டன. இது சிறிய செயலன்று. 2019 அக்டோபர் 2 இல் திறந்தவெளி மலங்கழிப்பு ஊரகத்தில் ஒழிந்தது என அறிவிக்கப்பட்டது. ஆனால் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, நாட்டில் நூற்றுக்கு 19 குடும்பங்களுக்குக் கழிப்பிட வசதியே இல்லை என்று கண்டது. முடிந்ததென முதலில் அறிவித்துவிட்டால், முடியாதது எவர் கண்ணிலும் படாது.

நம் கடமை

1949 நவம்பர் 25 இல் அரசியலமைப்பு அவையில் அண்ணல் ஆற்றிய பேருரையில், அரசியலமைப்பு எத்துணை நல்லதாயினும் அதனை நடத்துவோர் தீயோராயின் அது தீயதாகவே முடியும் என்று எச்சரித்தார். நடத்துவோர் என்பதில் அமைச்சரும் அதிகாரியும் மட்டுமல்லர். ஆசிரியரும், செயலரும், வாக்களிக்கும் நாமும் அடங்குவோம்.

ஆகவே இளைஞர்களே, அரசை நம்பிப் பயனில்லை என்று கூறி ஒதுங்குவது நமக்குக் கட்டுபடியாகாது. அரசைக் கணக்குக் கேட்பதே நம் வழி. அதற்குரிய கருவிகள் நம் கையில் உள்ளன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் உள்ளது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினர்க்கு உரிய இடமும் உண்டு. 2013 சட்டத்தின்படி மாவட்டத்திலும் கோட்டத்திலும் அமைய வேண்டிய கண்காணிப்புக் குழுக்களில் பாதிக்கப்பட்ட சமுதாயத்தார்க்கு இடம் உண்டு. அவ்விடங்கள் நம் பகுதியில் நிரப்பப்பட்டுள்ளனவா, குழு கூடுகிறதா என்று எழுதிக் கேளுங்கள். கிராம சபையில் பேசுங்கள். பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை எழுந்து போகாதீர்கள்.

நம் சங்கத்திற்கும் ஒரு வேண்டுகோள். இவ்வெள்ளி விழா ஆண்டில் நாம் ஒரு பதிவேடு தொடங்குவோம். நம் தெருக்களில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் யார், எந்நாள் முதல், என்ன காரணம். கழிவுநீர்த் தொட்டிப் பணிக்குச் செல்வோர் யார், காப்புறை தரப்படுகிறதா, எவர் அழைத்துச் செல்கிறார் என்பவற்றை மாலை வகுப்பு மாணவர்கள் வீடு வீடாகச் சென்று எழுதட்டும். ஆண்டுக்கொரு முறை அதனைத் தலைமையாசிரியரிடமும் ஊராட்சியிடமும் கோட்டாட்சியரிடமும் கையொப்பம் பெற்று ஒப்படைப்போம். நம் பதிவேடு ஒன்று என்று கூறும்போது அவர்கள் இன்மை என்று எழுதுவது எளிதாயிராது.

அப்பதிவேட்டின் முதற் பக்கத்தில் முதற் பெயராக, நான் அன்று எழுதாமல் விட்ட பெயரை எழுதித் தர விரும்புகிறேன். அவர் மகள் இப்போது என் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பயில்கிறாள். இவ்வாண்டு அவள் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை.